சோறும் போளமும்: கற்றாழையின் இரு வரலாறுகள்

கற்றாழை மடலொன்றை அடியில் அறுத்து, வெட்டுவாய் கீழ்நோக்கியிருக்கும்படி சற்றுநேரம் சாய்த்து வைத்தால், பச்சைத் தோலை அடுத்துள்ள நுண்குழாய்களிலிருந்து மஞ்சள் நிறமான கசப்புநீர் வடியும். அது வடிந்தபின் தோலைச் சீவி நீக்கினால், உள்ளே நிறமற்ற வழவழப்பான கூழ் காணப்படும். ஒரே மடலில் அடுத்தடுத்து அமைந்திருக்கும் இவ்விரு பொருள்களும் தன்மையால் முற்றிலும் வேறானவை. முன்னையது காய்ந்து இறுகிக் கரியபோளம் அல்லது மூசாம்பரம் என்னும் மருந்துச் சரக்காகின்றது. உட்கொண்டால் குடலைக் கடுமையாகக் கழியச் செய்வது. பின்னையது கற்றாழைச் சோறு. வெந்த தோலிலும் வெயிற் காய்ந்த தோலிலும் பூசுமிடத்து எரிவைத் தணிப்பது.

இன்று உலகின் எப்பகுதியிலும் மருந்துக் கடைகளிலே குழாய்களிலும் போத்தல்களிலும் ஜெல் என்னும் பெயருடன் விற்கப்படுவது இவற்றுள் இரண்டாவதாகும். அதனை விற்போர் அதற்கு நீண்டதொரு வரலாற்றையும் சேர்த்தே விற்கின்றனர். எகிப்திய அரசி கிளியோபாத்ரா தன் அழகைப் பேணுவதற்கு இதனையே பூசினாள் என்பர். மாவீரன் அலெக்சாந்தர் தன் படைவீரரின் காயங்களை ஆற்றுவதற்காகவே சொக்கொத்திரா தீவைக் கைப்பற்றினான் என்பர். மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகளாக மனிதகுலம் இக்கூழைப் போற்றி வந்துள்ளது என்பர். இக்கூற்றுக்களில் உண்மை எவ்வளவு? எழுத்துச் சான்றுகள் கற்றாழையைப் பற்றிப் பேசும்போது மடலிலுள்ள இரு பொருள்களுள் எதனைப் பற்றிப் பேசுகின்றன? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கரியபோளத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கால வரலாறு எழுத்தில் உண்டு. கூழுக்கோ அத்தகைய தொடர்ச்சியான எழுத்து வரலாறு இல்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராயுமிடத்து, மருத்துவத்தைப் பற்றி மட்டுமன்றி, வரலாறு எவ்வாறு எழுதப்படுகின்றது என்பதைப் பற்றியும் சில உண்மைகள் புலனாகும்.

பிறப்பிடமும் பெயரும்

கற்றாழைக் குடும்பத்தின் இனங்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவை ஆபிரிக்காவுக்கும் அரேபியாவுக்கும் அண்மையிலுள்ள தீவுகளுக்கும் உரியன. நாம் வேலியோரத்திலும் கிணற்றடியிலும் காணும் சோற்றுக்கற்றாழையின் தாயகம் அரேபியத் தீபகற்பமே என்பதை 2015ஆம் ஆண்டில் வெளியான மரபணு அடிப்படையிலான ஆய்வொன்று சுட்டிக்காட்டியுள்ளது. எனவே மத்தியதரைக் கடற் கரைகளிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் இச்செடி மனிதனோடு சேர்ந்து பயணஞ்செய்து குடியேறியது எனலாம்.

அதன் அறிவியற் பெயரின் கதையும் நோக்கத்தக்கது. 1768ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில், ஏறக்குறையப் பத்து நாள் இடைவெளியில், இருவர் இச்செடிக்கு இருவேறு பெயர்களை வெளியிட்டனர். ஒருவர் ஒல்லாந்தரான நிக்கொலாஸ் பேர்மன். 1737ஆம் ஆண்டில் இலங்கைத் தாவரங்களைப் பற்றிப் பெருநூலொன்றை வெளியிட்ட யொகான்னஸ் பேர்மனின் மகன் இவர். இவர் இட்ட பெயர் ‘அலோ வேரா’, அதாவது மெய்யான கற்றாழை என்பதாகும். மற்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த தோட்டக்கலை வல்லுநர் பிலிப் மில்லர். அவர் இட்ட பெயர் ‘அலோ பார்படென்சிஸ்’, அதாவது பார்படோஸ் தீவின் கற்றாழை. மேற்கிந்தியத் தீவான பார்படோசுக்கும் செடியின் பிறப்பிடத்துக்கும் எத்தொடர்புமில்லை. ஐரோப்பியச் சந்தைக்குக் கரியபோளம் அங்கிருந்து வந்தது என்பதே அப்பெயருக்கான காரணம். செடி எங்கே பிறந்தது என்பதைக் காட்டிலும் சரக்கு எங்கிருந்து வந்தது என்பதே அக்காலத்தில் முதன்மை பெற்றிருந்தது. பெயரிடலிலே காணப்படும் இம்மனப்பாங்கு கற்றாழையின் எழுத்து வரலாறு முழுவதிலும் காணப்படுவதை இனி வருவன காட்டும்.

பண்டைய நூல்கள் கூறுவன

விளம்பரங்கள் கூறும் மூவாயிரத்தைந்நூறு ஆண்டுக் கணக்கு, கி.மு. 1550ஆம் ஆண்டளவைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ‘எபெர்ஸ் பப்பைரஸ்’ என்னும் எகிப்திய மருத்துவ ஏட்டை அடிப்படையாகக் கொண்டது. அவ்வேட்டிலே கற்றாழை கூறப்பட்டுள்ளதாகப் பலர் எழுதியுள்ளனர். ஆயினும் பண்டை எகிப்திய மொழியிலுள்ள தாவரப் பெயர்கள் பலவற்றை இன்றைய தாவரங்களோடு ஐயமின்றிப் பொருத்துதல் எளிதன்று. அவ்வேட்டின் துணைகொண்டு கூழின் பழைமையை நிறுவ முற்படுவது உறுதியான அத்திவாரமாகாது. கிளியோபாத்ராவைப் பற்றிய கதையோ அவளது வாழ்க்கையை எழுதிய புளூட்டார்க் முதலிய பண்டைய ஆசிரியரிடம் காணப்படவில்லை. சொக்கொத்திராவைக் கைப்பற்றுமாறு அரிஸ்டோட்டில் அலெக்சாந்தருக்கு ஆலோசனை கூறினார் என்னும் கதை, அலெக்சாந்தர் இறந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் எழுதிய அல்-மசூதி முதலான அரபு ஆசிரியர்கள் வாயிலாகவே நமக்குக் கிடைக்கின்றது. கிரேக்க மொழியில் அலெக்சாந்தரின் படையெடுப்பை விரிவாக எழுதிய அரியன் இதனைக் கூறவில்லை. அரபுக் கதையும் பொருளற்றதன்று. ஆனால் அது சான்று பகர்வது அலெக்சாந்தரின் காலத்துக்கன்று, சொக்கொத்திராக் கரியபோளம் அரபு வணிகரிடையே பெற்றிருந்த பெருமதிப்புக்கே.

ஐயத்துக்கிடமற்ற சான்று கி.பி. முதலாம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றது. அந்நூற்றாண்டைச் சேர்ந்த ‘செங்கடற் பயணநூல்’ தென் அரேபியக் கரையிலுள்ள கனே என்னும் துறையிலிருந்து சாம்பிராணியுடன் கரியபோளமும் ஏற்றுமதியானதாகக் குறிப்பிடுகின்றது. அதே நூற்றாண்டில் கிரேக்க மொழியிலே மருந்துப்பொருள் நூலை இயற்றிய தியொஸ்கொரிடீஸ் கற்றாழையைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். அவர் பெரிதும் பேசுவது சாற்றைப் பற்றியே. அச்சாறு இந்தியாவிலிருந்து வருவது என்றும், மணல்போன்றது ஈரல்போன்றது என இருவகைப்படும் என்றும், பிசின் கலந்து ஏமாற்றுவோர் உளர் என்றும் கூறுகின்றார். காய்ந்த நிலையில் அதனைப் பொடியாகத் தூவினால் காயங்கள் ஆறும் என்றும் எழுதுகின்றார். பொடியாகத் தூவத்தக்கது கூழன்று, இறுகிய கரியபோளமே. எனவே, கற்றாழைக் கூழால் காயம் ஆறும் என்பதற்குத் தியொஸ்கொரிடீசை மேற்கோளாகக் காட்டுவோர் பலர் வேறொரு பொருளுக்குரிய சான்றையே எடுத்தாள்கின்றனர் என்பது தெளிவு.

ஆயினும் அவரது நூலில் நமது கவனத்துக்குரிய ஒரு வாக்கியம் உண்டு. ஆசியாவின் கரையோரங்களிலும் அந்திரோஸ் முதலிய தீவுகளிலும் வளரும் கற்றாழை சாறெடுப்பதற்கு உதவாது. ஆனால் அதனை நசுக்கி வைத்துக் கட்டினால் புண்வாய் கூடும் என்பது அதன் கருத்து. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சீற்றத்தில் உயிரிழந்த உரோம ஆசிரியர் பிளினியும் தமது இயற்கை வரலாற்று நூலில் இதனையொத்த செய்தியைக் கூறுகின்றார். இறக்குமதியாகும் சரக்கே சிறந்ததென்றும், ஆசியாவில் வளரும் செடியின் பச்சை மடல்களைக் காயங்களின்மீது வைப்பதற்கு மட்டுமே பயன்படுத்துவர் என்றும், அவை புண்ணை வியக்கத்தக்கவாறு ஒட்டச் செய்யும் என்றும் அவர் எழுதுகின்றார்.

இவ்விரு குறிப்புக்களும் சிறியனவேயாயினும் மிகுந்த பொருளுடையன. செடி வளர்ந்த இடத்திலே வாழ்ந்த மக்கள் பச்சை மடலைப் புண்ணுக்கு இட்டனர். செடி வளராத நகரங்களிலே வாழ்ந்தோர் காய்ந்த சாற்றை விலைகொடுத்து வாங்கினர். நூலாசிரியரிருவரும் விலைக்கு வாங்கும் பொருளுக்கு நீண்ட பகுதியை ஒதுக்கி, விலையில்லாப் பொருளை ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டனர். கூழின் பயன்பாடு பழைமையானது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் உறுதியான சான்று இந்த ஒரு வாக்கியமே, அலெக்சாந்தரின் கதையன்று.

சரக்கின் ஆட்சி

கரியபோளத்தின் வணிகம் அடுத்துவந்த நூற்றாண்டுகளில் வளர்ந்து சென்றதற்கு அதன் இயல்பே காரணம். மஞ்சள் நீரைக் காய்ச்சி வற்றவைத்தால் கண்ணாடிபோன்ற கரிய கட்டியாக இறுகும். அக்கட்டி ஆண்டுக்கணக்கில் கெடாது, எடை குறைவு, விலை அதிகம், ஒட்டகத்திலும் கப்பலிலும் எவ்வளவு தொலைவுக்கும் கொண்டுசெல்லலாம். கூழோ நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வீதம் நீராலானது. மடலிலிருந்து பிரித்தெடுத்த சில மணித்தியாலங்களிலே நிறம் மாறத் தொடங்கும். வெப்ப நாட்டிலே ஓரிரு நாளில் நாறிப்போகும். கடல்கடந்து செல்லமுடியாத பொருளுக்குச் சுங்கப் பதிவும் இல்லை, வணிகனின் கணக்கேடும் இல்லை, அதன் பொருட்டுப் போரிட்ட அரசனும் இல்லை.

சரக்குக்கோ இவையனைத்தும் இருந்தன. இந்து சமுத்திர வாணிகத்தைக் கைப்பற்ற முனைந்த போர்த்துக்கேயர் 1507இல் சொக்கொத்திராவிலிருந்த கோட்டையைத் தாக்கிப் பிடித்தனர். செங்கடல் வாயிலைக் கட்டுப்படுத்துவதே அவர்களின் நோக்கமாயிருந்தது; தீவு எதிர்பார்த்த பயனைத் தராமையால் 1511இல் அதனைக் கைவிட்டனர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்கள் அத்தீவில் தங்கிக் கரியபோளத்தை விலைக்கு வாங்கிச் சென்றன. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் கற்றாழை பார்படோசிலும் வேரூன்றிவிட்டது. 1647இல் அத்தீவை அடைந்த றிச்சட் லிகன் என்னும் ஆங்கிலேயர் 1657இல் வெளியிட்ட தமது நூலில் அங்கு வளர்ந்த கற்றாழையைப் பற்றியும் எழுதியுள்ளார். பார்படோசின் தோட்டங்களில் மடல்களை அறுத்து, சரிவான மரத்தொட்டிகளில் வெட்டுவாய் கீழ்நோக்க அடுக்கி, வடிந்த நீரைச் செப்புப் பாத்திரங்களிற் காய்ச்சிச் சுரைக்குடுக்கைகளில் ஊற்றி ஏற்றுமதி செய்தனர். சாறு வடிந்தபின் எஞ்சிய மடல், அதாவது கூழ் நிறைந்த பகுதி, கழிவாகவே கருதப்பட்டது. இன்றைய கைத்தொழில் எதனைப் பொருளாகக் கருதுகின்றதோ, அதனை அன்றைய கைத்தொழில் குப்பையில் இட்டது.

1864இல் வெளியான முதலாவது பிரித்தானிய மருந்துநூலில் பார்படோஸ் வகையும் சொக்கொத்திரா வகையும் தனித்தனியே இடம்பெற்றன; கூழுக்கு அதில் இடமிருக்கவில்லை. இரசாயனவியலாளரின் கவனமும் சரக்கின்பாலே சென்றது. எடின்பரோவைச் சேர்ந்த சிமித் சகோதரர் 1851இல் பார்படோஸ் கரியபோளத்திலிருந்து அலோயின் என்னும் கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தனர். கூழிலுள்ள மாவினப் பொருள்களின் அமைப்பை இரசாயனவியல் விளக்குவதற்கோ இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

தமிழ் வழக்கிலே இரு சொற்கள்

ஆங்கிலத்திலும் அதற்கு முற்பட்ட கிரேக்க, இலத்தீன் மொழிகளிலும் செடிக்கும் சரக்குக்கும் ஒரே சொல் வழங்கிற்று. இச்சொல்லொற்றுமையே பிற்காலக் குழப்பங்களுக்கு வித்திட்டது எனலாம். விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் நறுமணப் பொருளாகக் கூறப்படும் அகில் மரங்கூட, ஒலியொப்புமை காரணமாக ஐரோப்பிய மொழிகளிலே கற்றாழையின் பெயரைப் பெற்றுவிட்டது.

தமிழ் வழக்கு இதனின்றும் வேறுபடுகின்றது. செடி கற்றாழை, அல்லது மருத்துவ வழக்கில் குமரி. சாற்றின் கட்டி கரியபோளம் அல்லது மூசாம்பரம். உள்ளிருக்கும் கூழ் சோறு. செடியின் உள்ளீட்டைச் சோறு எனக் கூறுவது தமிழ் மரபு. அவ்வுள்ளீட்டின் பெயராலேயே செடி சோற்றுக்கற்றாழை எனப்படுவதும் கவனிக்கத்தக்கது. மில்லர் செடிக்குச் சரக்கு வந்த துறையின் பெயரை இட்டார். தமிழர் அதன் சோற்றின் பெயரை இட்டனர். மூசாம்பரம் கடையில் நிறுத்து வாங்கும் பொருள். அதனைக் கரைத்துச் சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் பற்றிடுவர். சோறு வீட்டுச் செடியில் அறுத்தெடுக்கும் பொருள். அதனைப் பயன்படுத்துமுன் பலமுறை நீரிற் கழுவவேண்டும் என்பது சித்தவைத்திய முறை. ஏழுமுறை எனத் தொகை கூறுவதும் உண்டு. இது வெறுஞ் சடங்கன்று. மடலை அறுக்கும்போது கூழின்மேற் படியும் மஞ்சள் நீர் தோலை உறுத்தக்கூடியது. உட்சென்றால் குடலைத் தாக்கக்கூடியது. கழுவுதல் அந்நீரை நீக்குகின்றது. இன்றைய தொழிற்சாலை வடிகட்டலாலும் கரியினாலும் செய்யும் வேலையை வீட்டுப் பெண்கள் கிணற்றுநீரினாற் செய்தனர்.

இதனைக் கொண்டு எமது முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசுதல் பொருந்தாது. சித்தவைத்திய நூல்கள் பலவற்றின் காலத்தை வரையறுப்பது கடினம். செடியும் அரேபியாவிலிருந்து வந்தேறியதே. கூறத்தக்கது இவ்வளவே: ஒரு மடலில் இரு பொருள்கள் உள என்னும் வேறுபாடு வணிக ஏடுகளில் மங்கிப்போன காலத்திலும், செடி வளர்ந்த முற்றங்களில் அது சொல்லாகவும் செயலாகவும் நிலைத்திருந்தது.

ஊடுகதிர் தந்த புண்

கூழ் மருத்துவ ஏடுகளுக்குள் நுழைந்தது எதிர்பாராத வாயிலொன்றின் வழியாகும். 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் யேர்மனியில் வில்லெம் றொன்ட்ஜென் ஊடுகதிரைக் கண்டுபிடித்தார். உடலைக் கிழிக்காமல் எலும்பைக் காணும் வாய்ப்பு மருத்துவ உலகைப் பரவசப்படுத்தியது. ஆனால் சில மாதங்களுக்குள்ளேயே அக்கதிரைக் கையாண்டோரின் கைகளில் தோல் சிவந்து, உரிந்து, ஆறாப் புண்ணாக மாறத் தொடங்கிற்று. எடிசனின் உதவியாளரான கிளாரன்ஸ் டாலி இரு கைகளையும் இழந்து 1904இல் உயிர்துறந்தார். கதிரால் மடிந்த மருத்துவருக்கும் ஆய்வாளருக்கும் உதவியாளருக்குமாக 1936இல் ஹம்பேர்க் நகர மருத்துவமனையொன்றின் வளவில் நினைவுத்தூண் எழுப்பப்பட்டபோது அதில் 169 பெயர்கள் பொறிக்கப்பட்டன.

கதிர்ப்புண் சாதாரண தீப்புண் போன்றதன்று. தோலின் அடிப்படைக் கலங்களையும் நுண்ணிய இரத்தக்குழாய்களையும் அது தாக்குவதால், புண் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் ஆறாது. ஆறியதுபோலத் தோன்றி மீண்டும் வெடிக்கும். அக்காலக் களிம்புகள் பயனளிக்கவில்லை. 1920களில் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே அழகு நிலையங்களிற்கூட வேண்டாத உரோமத்தை நீக்குவதற்கு ஊடுகதிர் பயன்படுத்தப்பட்டமையால், நோயாளரல்லாத பெண்கள் பலரும் இப்புண்ணுக்கு ஆளாயினர்.

இச்சூழ்நிலையிலேதான் 1935இல் அமெரிக்க ஊடுகதிரியற் சஞ்சிகையொன்றில் கொலின்ஸ் என்னும் பெயருடைய மருத்துவர் இருவர் சுருக்கமான அறிக்கையொன்றை வெளியிட்டனர். உரோம நீக்கத்துக்காக ஊடுகதிர் பாய்ச்சப்பட்டு நெற்றித்தோல் புண்ணாகிய ஒரு பெண்ணுக்குக் கற்றாழையின் பச்சை மடலை வைத்துச் சிகிச்சையளித்தபோது, எரிவும் அரிப்பும் ஒரு நாளிலே தணிந்து, சில வாரங்களில் தோல் வளர்ந்தது என்பது அவ்வறிக்கையின் சாரம். அவர்கள் பயன்படுத்தியது களிம்போ தூளோ அன்று, பச்சை மடல். பிளினி ஒரு வாக்கியத்திற் கூறி நிறுத்திய செய்தி, ஏறக்குறையப் பதினெட்டரை நூற்றாண்டுகள் கடந்து, மருத்துவச் சஞ்சிகையில் மீண்டும் எழுந்தது என்று கூறின் மிகையாகாது. புதிய விஞ்ஞானம் உண்டாக்கிய புண் பழைய கைமருந்தை விஞ்ஞானத்தின் வாயிலுக்கு அழைத்துவந்தது.

அதன்பின் ஆய்வுகள் தொடர்ந்தன. 1940, 1941ஆம் ஆண்டுகளில் விலங்குகளின்மீது பரிசோதனைகள் நடந்தன. அணுகுண்டுக் காலம் பிறந்தபின் கதிர்ப்புண் படைத்துறையின் அக்கறைக்குரிய பொருளாகியது. 1953இல் லஷ்பாவும் ஹேலும் முயல்களின் தோலிற் பீற்றாக் கதிரால் புண்ணுண்டாக்கிக் கற்றாழையாற் சிகிச்சையளித்த ஆய்வை வெளியிட்டனர். சிகிச்சை பெற்ற புண்கள் பெறாதனவற்றின் ஏறக்குறைய அரைப்பங்கு காலத்தில் ஆறியதாக அவர்கள் கண்டனர்.

கூழ் சரக்கானபோது

ஆய்வுகூடத்தில் மதிப்புப் பெற்றபின்னும் கூழின் பழைய குறைபாடு மாறவில்லை, அது பயணஞ்செய்யாது. பச்சைக் கூழைப் போத்தலில் அடைத்தால் நொதியங்களும் நுண்ணுயிர்களும் அதனைச் சிதைத்தன. 1970களில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலே இதற்குத் தீர்வு காணப்பட்டது. கூழைச் சூடாக்கியும், காற்றேற்றத்தைத் தடுக்கும் பொருள்களைச் சேர்த்தும் நிலைப்படுத்தும் முறைகள் உருவாக்கப்பட்டுக் காப்புரிமைகள் பெறப்பட்டன. இவ்வாறு, கரியபோளம் பண்டுதொட்டுப் பெற்றிருந்த தகுதியைக் கூழ் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பெற்றது: அது சரக்காயிற்று.

சரக்கானதும் அதற்கொரு வரலாறு தேவைப்பட்டது. சந்தைக்குப் புதிதாக வந்த பொருளுக்குப் பழைமை நம்பிக்கையூட்டும். கரியபோளத்துக்குரிய பழஞ்செய்திகள் அனைத்தும், சொல்லொற்றுமையைப் பயன்படுத்தி, கூழின் பெயருக்கு மாற்றி எழுதப்பட்டன. சொக்கொத்திராவின் கரியகட்டி அலெக்சாந்தரின் வீரர்களுக்குப் பூசும் கூழாயிற்று. செடி வளர்ந்த முற்றங்களில் மடலறுத்துப் புண்ணுக்கிட்டவர்களின் பெயர் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆகையால் அவர்களுடைய இடத்தில் அரசர்களும் அரசிகளும் அமர்த்தப்பட்டனர்.

இதனோடு இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. பெரிய அளவில் உற்பத்திசெய்யும்போது தோலைச் சீவிக் கழுவுதற்குப் பதிலாக மடல் முழுவதையும் அரைத்தெடுக்கும் முறையும் வழக்குக்கு வந்தது. அவ்வாறு அரைப்பின், பின்னர் வடிகட்டி நீக்கினாலன்றி, மஞ்சள் நீரும் கூழும் ஒன்றாகக் கலந்துவிடும். நிறம் நீக்காத முழுமடற் சாற்றைக் குடிநீரிற் கலந்து எலிகளுக்குக் கொடுத்தபோது பெருங்குடலிற் கட்டிகள் தோன்றியதை அமெரிக்க அரசின் நச்சியல் ஆய்வொன்று 2013இல் வெளிப்படுத்தியது. அதன் அடிப்படையில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் முழுமடற் சாற்றை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சாத்தியமுள்ளவற்றின் வரிசையிற் சேர்த்தது. இது உட்கொள்ளும் முழுமடற் சாற்றைப் பற்றிய முடிவேயன்றித் தோலிற் பூசும் கூழைப் பற்றியதன்று. ஏழுமுறை கழுவுக என்னும் விதியைக் கைவிட்டதன் விலை இது எனலாம்.

கரியபோளத்தின் நிலையோ தலைகீழாயிற்று. போதிய பாதுகாப்புச் சான்று அளிக்கப்படாமையால், மருத்துவரின் சீட்டின்றி விற்கப்படும் பேதிமருந்துகளில் அது இடம்பெறுவதற்கு 2002இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் முற்றுப்புள்ளி வைத்தது. ஒருகாலத்திற் குப்பையாக இருந்தது கடைத்தட்டை நிறைக்க, சந்தையை ஆண்ட சரக்கு அத்தட்டிலிருந்து இறங்கியது. 1999இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மருந்துச் செடிகள் பற்றிய தொகுதியின் முதலாம் பகுதியில் கரியபோளத்துக்கு ஓர் இயலும் கூழுக்கு ஓர் இயலுமாக இரண்டு தனித்தனி இயல்கள் ஒதுக்கப்பட்டன. சோறு வேறு, போளம் வேறு என்னும் தெளிவு உலக ஏட்டில் இவ்வாறு இடம்பெற்றது.

சோதனையின் தீர்ப்பு

வரலாறு ஒரு மருந்தின் வயதைக் கூறலாம். அதன் வலிமையைக் கூறமுடியாது. கூழின் வலிமையை அளக்க நடந்த மனிதச் சோதனைகளின் முடிவுகள் ஒரே திசையிற் செல்லவில்லை. 1991இல் வெளியான ஆய்வொன்றில், சத்திரசிகிச்சைக்குப்பின் வயிற்றுக்காயம் விரிந்து சிக்கலுற்ற பெண்கள் 21 பேரிடையே, வழமையான சிகிச்சை பெற்றோருக்குச் சராசரி 53 நாளிலும், கற்றாழை ஜெல் சேர்த்துப் பெற்றோருக்கு 83 நாளிலும் காயம் ஆறியது. ஆழ்ந்த காயத்துக்கு அது உதவாதது மட்டுமன்று, ஆறுதலைத் தாமதப்படுத்தவுங்கூடும் என்பது இதனாற் பெறப்பட்டது. கதிர்ச்சிகிச்சை பெறும் மார்புப் புற்றுநோயாளரிடம் நடத்தப்பட்டு 1996இல் வெளியான சோதனையில், கூழ் பூசியோருக்கும் போலிக்கூழ் பூசியோருக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. கூழை விஞ்ஞானத்துக்கு அறிமுகஞ்செய்த கதிர்ப்புண்ணிலேயே அது தேர்ச்சி பெறவில்லை என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. 1935இற் கையாளப்பட்டது பச்சை மடல், 1996இற் கையாளப்பட்டது பதப்படுத்திய ஜெல் என்பதும், ஒரு நோயாளியின் அனுபவம் பலரிடம் நிகழ்த்தும் ஒப்பீட்டுச் சோதனைக்கு ஈடாகாது என்பதும் ஒருங்கே மனங்கொள்ளத்தக்கன.

தீப்புண்ணைப் பொறுத்தவரை நிலைமை சற்று நம்பிக்கையளிப்பது. நான்கு ஆய்வுகளின் 371 நோயாளரை உள்ளடக்கி 2007இல் வெளியான தொகுப்பாய்வு, மேலோட்டமான தீப்புண்கள் கற்றாழையால் ஏறக்குறைய ஒன்பது நாள் முன்னதாக ஆறியதாகக் கணக்கிட்டது. ஆனால் அவ்வாய்வுகள் ஒரே தரத்தனவல்ல. பயன்படுத்திய பொருளும் ஒன்றல்ல. காயங்கள் அனைத்தையும் நோக்கி 2012இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு, உறுதியான முடிவுக்குப் போதிய தரமான சான்றில்லை எனக் கூறியது. வாங்கும் போத்தலில் இருப்பது கற்றாழைதானா என்னும் ஐயமும் எழாமலில்லை. 2016இல் அமெரிக்கச் செய்தி நிறுவனமொன்று சோதிப்பித்த கடை ஜெல்கள் சிலவற்றிலே கற்றாழைக்குரிய இரசாயன அடையாளங்கள் காணப்படவில்லை. கூழின் வழவழப்பைச் செயற்கைப் பொருளாலும் உண்டாக்கலாமல்லவா?

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, சிறு சூட்டுக்கும் வெயிலெரிவுக்கும் வறண்ட தோலுக்கும் கழுவிய கூழ் குளிர்ச்சியும் ஈரப்பதமும் தந்து எரிவைத் தணிக்கும் என்பது ஏற்கத்தக்கது. ஆழ்ந்த காயத்துக்கும் பரந்த தீப்புண்ணுக்கும் அது மருத்துவமனைக்கு மாற்றாகாது. சிறு சூட்டுக்குக்கூட முதலில் வேண்டுவது குளிர்ந்த ஓடுநீரே, கூழ் அதன்பின்னரே.

முடிவுரை

கற்றாழைக் கூழின் வரலாற்றை எழுத முற்படுவோரை இரு தவறுகள் எதிர்நோக்குகின்றன. எழுத்திலுள்ள கற்றாழைச் செய்தியனைத்தையும் கூழுக்குரியதாகக் கொண்டு அரச பரம்பரை வகுப்பது ஒன்று. எழுத்திற் சான்று அருகியிருப்பதால் கூழின் பயன்பாடே அண்மைக்காலத்தது எனத் தள்ளுவது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே பிழையிலிருந்து பிறப்பவை: ஏட்டில் எழுதப்பட்டதே நிகழ்ந்தது என்னும் எண்ணம். வரலாற்று மாணவருக்குக் கிடைக்கும் ஏடுகளில் ஒரு பெரும்பகுதி வரி விதித்தோரும் வணிகஞ் செய்தோரும் எழுதியவை. நிறுத்து விற்கப்படாத பொருளும், கூலி பெறாத கையும் அவ்வேடுகளில் இடம்பெறுவதில்லை. அவற்றின் மௌனத்தை இல்லாமை எனவும் கொள்ளலாகாது. அம்மௌனத்தைக் கற்பனையால் நிரப்பவுங்கூடாது. சொல்வழக்கு, செய்முறை, நூலாசிரியர் தம்மையறியாது விட்டுச்சென்ற ஒற்றை வாக்கியம் ஆகியவற்றை ஒன்றோடொன்று வைத்து எடைபோடுவதே நாம் செய்யக்கூடியது.

அவ்வாறு எடைபோடுகையில், அடுப்படியிற் கை சுட்டுக்கொண்டவள் முற்றத்து மடலை அறுத்துத் தோல் சீவிக் கழுவிப் பூசிய செயல், கிளியோபாத்ராவின் பெயரை வேண்டி நிற்பதாகத் தோன்றவில்லை. அச்செயலுக்குத் தியொஸ்கொரிடீசும் பிளினியும் ஆளுக்கொரு வாக்கியத்தை விட்டுச் சென்றனர். தமிழ்மொழி சோறு என்னும் ஒரு சொல்லை விட்டுவைத்தது. கூழின் வரலாற்றை எழுதப் புகுவோர் தொடங்கவேண்டிய இடம் அதுவே.